கோபத்தை விசாரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இந்தக் காலத்தில் நாலு பக்கம் கையால் எழுதித் தபாலில் போட்டிருக்கிறாய் என்றால், உனக்கு எவ்வளவு கோபம் என்று கவரைப் பிரிக்கும்போதே தெரிந்துவிட்டது. பார்த்து எழுதியது என்று சொல்லி, உன் ரெக்கார்டு நோட்டை வகுப்பு முழுக்கப் பார்க்க ஆசிரியர் மேசையில் விட்டெறிந்திருக்கிறார். அங்கே நீ வாயே திறக்கவில்லை. சாயங்காலம் ஹாஸ்டலில், உன் பக்கெட்டை எடுத்துக் குளித்த அறைத்தோழியைப் பிடிபிடி என்று பிடித்துவிட்டாய். கடைசியில் என்னிடம் ஒரு கேள்வி: சினத்தை ஆற்றச் சொல்கிறாள் ஔவை, ரௌத்திரத்தைப் பழகச் சொல்கிறார் பாரதி, இரண்டு ஆத்திசூடியில் எதைக் கேட்பது, பெரியப்பா?

நல்ல கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் வள்ளுவரிடம் போவோம். வெகுளாமை அதிகாரத்தின் முதல் குறளிலேயே அவர் நம் குட்டை உடைத்துவிடுகிறார். கோபம் செல்லுபடியாகிற இடத்தில் அதைக் காப்பவன்தான் உண்மையில் காப்பவன்; செல்லாத இடத்தில் காத்தால் என்ன, காக்காவிட்டால் என்ன என்று கேட்கிறார். அலுவலகத்தில் மேனேஜர் வாங்கு வாங்கு என்று வாங்கும்போது "சரி சார், சரி சார்" என்று நிற்பவர், வீட்டுக்கு வந்ததும் குழம்பில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளுவார். கேட்டால், "கோபம் வந்தா நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது" என்பார். நன்றாகத் தெரியும். யாரிடம் காட்டலாம், யாரிடம் காட்டக்கூடாது என்று அவருக்குக் கணக்குப் பிசகாமல் தெரியும். மேனேஜரிடம் கண்மண் தெரியாமல் கோபப்பட்டதாக ஒரு நாளும் சரித்திரம் இருக்காது. உன் கோபமும் அன்று ஆள் பார்த்துத்தான் இறங்கியிருக்கிறது. இதைச் சொன்னால் உனக்கு என்மேலும் கோபம் வரும். பரவாயில்லை, செல்லுபடியாகிற இடம்தான்.

உன் உடம்பின் பங்கையும் சொல்லவேண்டும். அவமானப்பட்ட நொடியில் சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரீனலினைக் கொட்டுகின்றன. இதயம் படபடக்கிறது, தசைகளுக்கு ரத்தம் பாய்கிறது, தாடை இறுகுகிறது. எதிர்த்து நிற்கவோ தப்பி ஓடவோ உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு இது. வகுப்பறையில் இரண்டுக்கும் வழியில்லை. உடம்பின் வேகம் அடங்கினாலும் மனம் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து அதை மறுபடி மூட்டிவிடுகிறது. அந்த நிலையில் காணாமல் போன பக்கெட் மலையளவு குற்றமாகத் தெரியும்.

"கத்தித் தீர்த்தால் மனசு லேசாகும்" என்று உன் சீனியர் அக்கா சொன்னதாக எழுதியிருக்கிறாய். அதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் எழுதிய கட்டுரையை மட்டம் தட்டி முதலில் அவர்களுக்குக் கோபமூட்டினார்கள். பிறகு ஒரு பிரிவினர், தங்களை மட்டம் தட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தினார்கள். இன்னொரு பிரிவினர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். குத்தித் தீர்த்தவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது. சும்மா இருந்தவர்களுக்குக் குறைவாக இருந்தது. கத்துவதால் கோபம் தீர்வதில்லை, அதற்குப் பயிற்சிதான் கிடைக்கிறது.

அப்படியானால் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு இருப்பதா? கூடாது. இங்கேதான் உன்னைச் சிலப்பதிகாரத்துக்கு அழைத்துப்போக வேண்டும்.

கண்ணகியின் கணவன் கோவலன் கொலைப்பட்ட அன்று பாண்டியன் ஆடல் மகளிரின் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் ஊடல் கொண்ட கோப்பெருந்தேவி, தலைவலி என்று சாக்குச் சொல்லி எழுந்து போய்விட்டாள். அவளைச் சமாதானப்படுத்த அவன் அந்தப்புரம் நோக்கி நடக்கிறான். அந்த வழியில்தான் பொற்கொல்லன் காலில் விழுந்து, தேவியின் சிலம்பைத் திருடியவன் அகப்பட்டான் என்கிறான். அரசன் மனம் முழுக்கத் தேவியிடம். திருடன் என்பவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொன்று சிலம்பைக் கொண்டுவர ஆள் அனுப்பிவிட்டுப் போய்விட்டான். ஓர் உயிர் போனதற்கு அவ்வளவு அவசரமே போதுமானதாக இருந்தது.

கண்ணகியைப் பார். அவளைவிடக் கோபப்பட நியாயம் யாருக்கு இருக்கிறது? ஆனாலும் அவையில் அவள் முதலில் செய்வது வாதம். தான் யார், கணவன் யார், எதற்காக மதுரைக்கு வந்தார்கள் என்று சொல்கிறாள். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அல்ல என்கிறான் அரசன். அவள் அதை மறுத்துக் கூச்சல் போடவில்லை. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். எங்கள் சிலம்பின் பரல் முத்து என்று அவன் வாயாலேயே வருகிறது. கோவலனிடமிருந்து எடுத்த சிலம்பை வரவழைத்து உடைக்கிறாள். மாணிக்கம் தெறிக்கிறது. வழக்கு முடிந்தது, அரசன் தன் பிழையைத் தானே சொல்லி விழுந்து இறக்கிறான். வழக்குரை காதையில் அவளை அசைக்க முடியாதவளாக ஆக்குவது கையில் இருந்த ஒற்றைச் சிலம்பு. கண்ணீர் அவளுக்குத் துணை மட்டுமே.

பிறகு மதுரை எரிகிறது. அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகள் என்று விலக்கவேண்டியவர்களை அவள் தீக்குச் சொல்லித்தான் அனுப்புகிறாள். இருந்தாலும், அரசன் செய்த பிழைக்கு ஊர் எரியலாமா? அவையில் நின்று வாதாடிய கோபத்தோடு எனக்கு முழு உடன்பாடு. வீதியில் இறங்கிய கோபத்தோடு இல்லை. உனக்கு வேறு கருத்து இருக்கலாம், எழுது.

காவியம் என்று ஒதுக்கிவிடாதே. நிஜத்தில் நடந்ததும் உண்டு. 1890-களில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தக் கூலித் தொழிலாளி, முதலாளி அடித்து முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் ரத்தம் ஒழுக, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி அழுதுகொண்டு காந்தியின் முன்னால் வந்து நின்றார். அப்போது காந்தி இளம் வக்கீல். அவர் முதலாளி வீட்டுக்குச் சண்டைக்குப் போகவில்லை. பாலசுந்தரத்தை மருத்துவரிடம் அனுப்பி, காயம் எப்படிப்பட்டது என்று சான்றிதழ் வாங்கினார். அதை எடுத்துக்கொண்டு, ஆளையும் கூட்டிக்கொண்டு நேராக மாஜிஸ்திரேட்டிடம் போனார். முதலாளியைச் சிறைக்கு அனுப்புவது அவர் நோக்கம் அல்ல; அந்தத் தொழிலாளியை முதலாளியிடமிருந்து விடுவிப்பதுதான் நோக்கம். அது நடந்தது. வேறு முதலாளியிடம் ஒப்பந்தம் மாற்றப்பட்டது.

ஔவைக்கும் பாரதிக்கும் சண்டை இல்லை என்று இப்போது உனக்கே புரிந்திருக்கும். பக்கெட்டுக்கு வந்த கோபம் ஔவையின் கணக்கு, அது ஆறட்டும். பொய்க் குற்றச்சாட்டுக்கு வந்த கோபம் பாரதியின் கணக்கு. அதை ஆறவிட்டால் அடுத்த பெண்ணின் நோட்டும் பறக்கும். எது எந்தக் கணக்கு என்று பிரிக்க மூன்று கேள்வி போதும். உண்மையில் நடந்தது என்ன? கோபம் உரியவரிடம்தான் போகிறதா? அவரிடம் நான் கேட்பது என்ன? மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால், உனக்கு வேண்டியது பழிவாங்கல், நியாயம் அல்ல. வாட்ஸ்அப்பில் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் இந்தக் கேள்விகளுக்கு யாருக்கும் ஒழுங்கான பதில் வராது. ஆகவே எழுதிக்கொள், அனுப்பாதே. காலையில் சாப்பிட்டுவிட்டுப் படித்துப் பார்.

உன் அப்சர்வேஷன் நோட்டில் அன்றன்றைக்கு எடுத்த அளவுகளும், அதற்கு ஆய்வகத்தில் வாங்கிய கையெழுத்தும் தேதியும் இருக்கும். உன் சிலம்பு அதுதான். அதை எடுத்துக்கொண்டு முதலில் அந்த ஆசிரியரைத் தனியாகப் பார்த்துப் பேசு. அவர் கேட்கவில்லை என்றால் துறைத்தலைவருக்கு அரைப் பக்கத்தில் மனு எழுது. ஆசிரியர் எப்படிப்பட்டவர் என்று அதில் ஒரு சொல்லும் வேண்டாம். நடந்தது, ஆதாரம், கோரிக்கை மட்டும் இருக்கட்டும். தோழியிடம் மன்னிப்புக் கேட்க மனு எதுவும் தேவையில்லை, இன்றைக்கே கேட்டுவிடு.

சனி ஞாயிறில் உங்கள் நூலகத்தில் சிலப்பதிகாரத்தை எடுத்து, வழக்குரை காதையை உரையோடு படி. சின்னக் காதைதான், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். துறைத்தலைவர் அறைக்குள் நுழைவதற்கு முன் படித்துவிட வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை.

அன்புடன்,
பெரியப்பா