உப்புக்காற்றில் ஒரு குளிர்பெட்டி: வான் கட்டும் தம்பிக்குக் கடிதம்

பள்ளிவாசல்துறைத் தம்பிக்கு,

பழைய டொல்பின் ரக வானின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தாங்கியும் பொருத்தி, கரையோரத்தில் நாலைந்து இரவு தங்கக்கூடிய வண்டியாக மாற்றும் வேலையில் நீங்கள் இறங்கியிருப்பதாகக் கேள்வி. தொழில் நல்ல தொழில்தான். மே தொடங்கி ஒக்டோபர் வரை கற்பிட்டிக் காற்றைத் தேடிக் கைட் சர்ஃபிங்காரர் வருகிறார்கள். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை டொல்பின் பார்க்க வருகிறார்கள். விடுதி அறையை விட்டுச் சொந்தச் சக்கரத்தில் தூங்க விரும்புகிறவர்களும் அவர்களுக்குள் உண்டு. கட்டிலில் பிழை இருந்தால் முதுகு வலிக்கும், அவ்வளவுதான். குளிர்பெட்டியில் பிழை இருந்தால் இரண்டாம் நாள் மீன் நாறும், மூன்றாம் நாள் பட்டரி செத்துப்போகும், நாலாம் நாள் உங்களுக்கு அழைப்பு வரும். ஆகவே இந்தக் கடிதம் அந்த ஒரு பெட்டியைப் பற்றியது மட்டும்.

உங்கள் ஊர் இருக்கும் அதே கற்பிட்டித் தீபகற்பத்தில்தான் நுரைச்சோலை அனல்மின் நிலையமும் இருக்கிறது. தலா 300 மெகாவாட் கொண்ட மூன்று இயந்திரங்கள், மொத்தம் 900 மெகாவாட். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு கம்பியில் பட, நாடு முழுவதும் இருண்டது. அந்த அதிர்ச்சியில் நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோயின. அவை மீண்டும் ஓடும்வரை நாட்டில் மின்வெட்டு. 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்ததையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மின் நிலையத்துக்குப் பக்கத்து ஊர்க்காரருக்கே இந்தக் கதி என்றால், கம்பியே இல்லாத மணல்திட்டில் நிற்கும் வானுக்குக் கணக்கு இன்னும் இறுக்கமாக இருக்க வேண்டும்.

கடைக்குப் போவதற்கு முன் வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டியது, எத்தனை லீற்றர் பெட்டி வேண்டும் என்பதல்ல. எதைக் குளிரில் வைக்கப் போகிறார் என்பதுதான். முட்டை, தக்காளி, வெங்காயம், கருவாடு, பழம் எதற்கும் குளிர் கட்டாயமில்லை. பால், இறைச்சி, சமைத்த மிச்சம், பச்சை மீன் ஆகியவற்றுக்குக் கட்டாயம். அதிலும் சூரை, கும்பளா போன்ற மீன்களில் கூடுதல் கவனம் தேவை. வெப்பத்தில் விட்டால் அவற்றில் ஹிஸ்டமின் சேரும். பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. இன்சுலின் கொண்டுவருகிறவரா என்றும் கேளுங்கள். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 பாகை வரைதான் இடம். உறைந்துவிட்டால் அந்த மருந்தைக் குப்பையில் போட வேண்டியதுதான். பெட்டியின் குளிர்த்தகட்டோடு ஒட்டி வைத்தால் அது உறையும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

இனிப் பெட்டி. சந்தையில் நாலு சாதி உண்டு.

மலிவானது, சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகும் பெல்டியர் பெட்டி. சுற்றியுள்ள காற்றைவிட 15, 20 பாகை குறைக்கும். அதற்கு மேல் அதனால் முடியாது. நண்பகலில் மூடிய வானுக்குள் 40 பாகை இருக்கும்போது உள்ளே 20க்கு மேல்தான் நிற்கும். அதற்காக நிற்காமல் நாலைந்து அம்பியர் இழுக்கும். ஒரு நாளுக்கு 1,400 வாட் மணி வரை தின்றுவிட்டு, மீனைக் காப்பாற்றாத சாதனம் அது. சோடாப் போத்தலுக்குச் சரி.

அடுத்தது காஸில் ஓடும் பெட்டி. இதன் பிறப்பு சுவாரசியமானது. 1922இல் ஸ்டொக்ஹோமில் படித்துக்கொண்டிருந்த பால்ட்ஸர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள், சூட்டைக் கொண்டே குளிரை உண்டாக்கும் பெட்டியைச் செய்தார்கள். அமோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் ஒரு மூடிய குழாய்க்குள் சுற்றிவரும். அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை, சத்தமும் இல்லை. 1925இல் இலெக்ட்ரோலக்ஸ் அதை வாங்கியது. கரண்ட் எட்டாத மருத்துவ நிலையங்கள் பலவற்றில் தடுப்பூசிகள் நீண்டகாலம் மண்ணெண்ணெய்ச் சுடரில் குளிர்ந்ததும் இதே முறையில்தான். ஐரோப்பிய கரவன்கள் இன்றும் பெருமளவில் இதையே கொண்டிருப்பதால், இணையத்தில் படம் பார்த்துவிட்டு வரும் வாடிக்கையாளர் இதைத்தான் கேட்பார்.

கொடுக்காதீர்கள். முதல் காரணம், அந்தக் குழாய்க்குள் திரவம் இறங்குவது புவியீர்ப்பால். வண்டி சில பாகை சரிந்து நின்றாலே சுற்று நின்றுவிடும். ஒரு சக்கரம் மணலில் புதைந்தால் போதும். இரண்டாவது, வெளிச்சூடு ஏற ஏற அதன் பலம் இறங்கும். பெட்டியின் உள்பக்கச் சீட்டில் ஒட்டியிருக்கும் எழுத்தைப் பாருங்கள். எஸ்என், என் இரண்டும் 32 பாகை வரை, எஸ்டி 38 வரை, டி 43 வரை. புத்தளம் வெயிலுக்கு டி எழுத்தில்லாத பெட்டியை எந்தச் சாதியிலும் எடுக்க வேண்டாம். மூன்றாவது காரணத்தை இந்த நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் வீட்டுச் சமையலறைகளில் காஸ் வெடிப்புகள் தொடர்ந்தன. புரொப்பேன், பியூட்டேன் கலவையின் அளவு மாறியதே அப்போது பேசப்பட்ட காரணம். அடுத்த வருடம் சிலிண்டருக்காக வீதியில் வரிசை. ஆட்கள் தூங்கும் தகரக் கூண்டுக்குள் இரவு முழுக்க ஒரு சுடர் எரிவதற்கு, கச்சிதமான புகைவழியும் காஸ் கசிவுக்கான கீழ்த்துவாரமும் வேண்டும். அவற்றைச் செய்யத் தெரிந்த பாஸ் கிடைத்தாலும், செய்யாமல் விடுவதே புத்தி.

மூன்றாவது சாதி, வீட்டுப் பெட்டி. விலை குறைவு, புத்தளம் டவுனிலேயே கிடைக்கும், ஒரு இன்வேர்ட்டரைப் போட்டால் ஓடும். இந்த ஆசை எல்லாருக்கும் வரும். ஆனால் இன்வேர்ட்டர் சும்மா இருக்கும்போதே 10 முதல் 20 வாட் குடிக்கும். பெட்டி தூங்கும் நேரத்திலும் அது தூங்காது. ஒரு நாளுக்கு 240 முதல் 480 வாட் மணி வீண். கொம்பிரசர் கிளம்பும் கணத்தில் ஓட்டச் சக்தியைப் போலப் பல மடங்கு இழுப்பதால் இன்வேர்ட்டரும் பெரிதாக வேண்டும். மிச்சம் பிடித்த காசு பனலிலும் பட்டரியிலும் போய்விடும்.

மிஞ்சுவது 12 வோல்ட்டில் நேராக ஓடும் கொம்பிரசர் பெட்டி. டென்மார்க்கின் டான்ஃபொஸ் செய்த சிறிய நேர்மின் கொம்பிரசர்கள்தான் இதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தன. 2010இல் அந்தப் பிரிவு கைமாறி, இன்று செக்கொப் என்ற பெயரில் வருகிறது. இப்போது சீனத் தயாரிப்புகளும் நிறைய. மேல்மூடி திறக்கும் வகையை எடுங்கள். கதவு வகையைத் திறந்ததும் குளிர்காற்று காலடியில் கொட்டிவிடும். மேல்மூடியில் அது உள்ளேயே கிடக்கும்.

கணக்கு இப்படிப் போகும். 45 லீற்றர் பெட்டி ஓடும்போது சுமார் 4 அம்பியர், அதாவது 48 வாட். நம் வெயிலில் பாதி நேரம் ஓடும் என்று வைத்தால் நாளுக்கு ஏறக்குறைய 580 வாட் மணி. 200 வாட் பனல் கூரையில் படுத்துக் கிடக்கிறது. நல்ல வெயில் 5 மணித்தியாலம் என்றும், சூட்டிலும் தூசியிலும் வயரிலும் 30 சதவீதம் போகும் என்றும் பிடித்தால் 700 வாட் மணி கிடைக்கும். மின்விளக்குக்கும் தொலைபேசிக்கும் மிஞ்சுவது கொஞ்சம்தான். பட்டரி 100 அம்பியர் மணி ஈயமென்றால் பாதியைத்தான் எடுக்கலாம், அது ஒரு நாளுக்கே போதும். அதே அளவு லிதியம் அயர்ன் பொஸ்பேட் என்றால் முகில் மூடிய இரண்டு நாளைத் தள்ளிவிடும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை வரும் கரைக்கு இரண்டு நாள் அவசியம். லிதியத்தை ஒல்டனேட்டரோடு நேராகக் கட்டிவிடாதீர்கள். அது கேட்கும் மின்னோட்டம் ஒல்டனேட்டரைச் சுட்டுவிடும். நடுவில் டிசி-டிசி சார்ஜர் வேண்டும்.

இனி வயர். வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். பட்டரி பின்பக்கம், பெட்டி முன்பக்கம், இடையே 5 மீற்றர். போய்வரும் 10 மீற்றருக்கு 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால், 5 அம்பியரில் அரை வோல்ட்டுக்கு மேல் வயரிலேயே தொலையும். 6 சதுர மில்லிமீற்றர் போட்டால் இழப்பு 0.15 வோல்ட்டுக்குள். மெல்லிய வயர் போட்ட வண்டியில் மீற்றர் முள்ளைப் பட்டரியில் வைத்தால் 12.2, பெட்டியின் செருகியில் வைத்துக் கொம்பிரசர் கிளம்பும் கணத்தைப் பார்த்தால் 11க்குக் கீழே சரிந்து, பெட்டி சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு நிற்கும். வாடிக்கையாளர் பட்டரியைத் திட்டுவார். ஆறு மாதம் கழிந்து அந்த இணைப்பைக் கழற்றிப் பாருங்கள்: வளையத்துக்குள் செப்பு இழைகள் பச்சை பூத்து, கைபட்டால் மாவாக உதிரும். பள்ளிவாசல்துறைக் காற்றில் உப்பு மட்டுமல்ல, நுண்மணலும் வருகிறது. ஆகவே படகுகளுக்குச் செய்யும் வெள்ளீயம் பூசிய வயர், பசை உள்ள சுருக்குக் குழாய், நன்றாக நெருக்கிய வளையம். சிகரெட் துளைச் செருகியை அடியோடு மறந்துவிடுங்கள், ஓடும் வண்டியின் குலுக்கலில் அது கழன்றுவிடும்.

குறைந்த வோல்ட்டில் தானே நிற்கும் காவல் இந்தக் கொம்பிரசர்களில் உண்டு. டான்ஃபொஸ் பிடி35இல் கைவைக்காமல் விட்டால் அது 10.4 வோல்ட். ஈயப் பட்டரி அந்த இடத்துக்கு வரும்போது கிட்டத்தட்ட வெறுமை. அந்த எல்லையை மேலே ஏற்றிவிட்டுத்தான் வண்டியைக் கையளிக்க வேண்டும்.

பெட்டியை அழகுக்காகப் பலகைக்குள் இறுக்கி அடைக்கும் பழக்கமும் உங்கள் தொழிலில் உண்டு. கொம்பிரசர் வெளியே தள்ளும் சூடு போக வழியில்லையென்றால், அதே சூட்டை அது மறுபடி விழுங்கும். பாதி நேரம் ஓடவேண்டியது முழுநேரம் ஓடும். கீழே ஒரு துவாரம், மேலே ஒரு துவாரம், மணலுக்கு ஒரு கழுவக்கூடிய வலை. வெயில் பக்கச் சுவரில் பெட்டியை வைக்காதீர்கள். இவையெல்லாம் நூறு வாட் பனலுக்குச் சமம் என்றால் மிகையில்லை. செலவோ ஆயிரக்கணக்கில்தான் வரும், லட்சத்தில் அல்ல.

உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட சூரியத் தடுப்பூசிப் பெட்டிகளிலிருந்து ஒரு பாடம் எடுக்கலாம். பழைய சூரியப் பெட்டிகளில் முதலில் சாவது பட்டரி என்று கண்டதால், புதியவற்றில் பட்டரியையே எடுத்துவிட்டார்கள். பனல் நேராகக் கொம்பிரசரை ஓட்டும். பகலில் உள்ளே பனிக்கட்டி உறையும். வெயில் இல்லாமல் குறைந்தது மூன்று நாள் அதுவே குளிரைத் தாங்கும். வானிலும் அதன் சிறுபிள்ளை வடிவம் சாத்தியம். நண்பகலில் பட்டரி நிறைந்து பனல் சும்மா கிடக்கும் நேரத்தில் பெட்டியை 1, 2 பாகைக்கு இறக்கித் தண்ணீர்ப் போத்தல்களைக் குளிர வையுங்கள். மாலையில் 5க்கு ஏற்றிவிடுங்கள். பெட்டிக்குள் இன்சுலின் இருந்தால் இந்த விளையாட்டு வேண்டாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு இன்னொன்று. இரண்டு இரவு மட்டும் வருகிறவருக்குப் பெட்டியே விற்காதீர்கள். உங்கள் கரையில் வாடிக்காரர் ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு மீன் அனுப்புவதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறீர்கள். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 93 வாட் மணிச் சூட்டை உறிஞ்சும். மேலே சொன்ன பெட்டி ஒரு நாளில் செய்யும் குளிர்வேலையை ஏழெட்டுக் கிலோ ஐஸ் செய்துவிடும். தடித்த சுவருள்ள பெட்டி, உருகிய நீர் வடிய ஒரு துளை, நிழல், இவை போதும். மண்பானைக் குளிர்பெட்டியை யாராவது பரிந்துரைத்தால் கேட்டுக்கொள்ளுங்கள், செய்யாதீர்கள். அது வறண்ட காற்றுக்கானது. கடல் ஈரத்தில் தண்ணீர் சரியாக ஆவியாகாது, பானையும் போதுமளவு குளிராது.

வாரக்கணக்கில் கற்பிட்டி, மன்னார், திருகோணமலை என்று சுற்றப் போகிறவருக்குத்தான் கொம்பிரசர் பெட்டி. அவரிடமும் சாவியைக் கொடுப்பதற்கு முன், வானைக் கராஜ் நிழலில் நிறுத்தாமல் வெயிலில் நிறுத்தி, பெட்டியில் பாதிக்குத் தண்ணீர்ப் போத்தல் நிரப்பி, இரண்டு பகல் இரண்டு இரவு ஓட விடுங்கள். காலை ஆறு மணிக்குப் பட்டரி வோல்ட், பெட்டிக்குள் பாகை, வெளியே பாகை ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிக் கொடுங்கள். ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும்.