சிறு துளையினூடே சீராகும் இடுப்பு என்பு

நாம் நிற்கும்போதும் நடக்கும்போதும் மேலுடலின் பாரத்தைக் கால்களுக்குக் கடத்துவது இடுப்பு வளையமாகும். இரு பக்க இடுப்பு என்புகளும் முதுகந்தண்டின் அடியிலுள்ள திருவென்பும் சேர்ந்து இவ்வளையத்தை அமைக்கின்றன. சிறுநீர்ப்பை, கருப்பை, பெரிய குருதிக்கலன்கள், கால்களுக்குச் செல்லும் நரம்புகள் ஆகியன இதனுள்ளேயே உள்ளன.

இளவயதினரில் இவ்வளையம் உடைவதற்கு வீதி விபத்து போன்ற பலத்த தாக்கம் தேவை. என்புகள் நலிவடைந்த முதியோருக்கோ குளியலறையில் வழுக்கி விழுவதே போதும்.

பலத்த முறிவின்போது வெளியே காயமெதுவும் தெரியாமலே உள்ளே பெருமளவு குருதி கசியலாம். எனவே விபத்தில் இடுப்பு வலிக்கிறது என்பவரை எழுப்பி நடக்க வைப்பதும், முச்சக்கர வண்டியில் மடக்கி ஏற்றுவதும் ஆபத்தானவை. அவரை அசையாமல் படுக்க வைத்து, 1990 இலக்கத்திற்கு அழைத்து அம்புலன்ஸ் வண்டியை வரவழைக்க வேண்டும்.

முன்னர் இத்தகைய முறிவுகளுக்கு நோயாளி வாரக்கணக்கில் படுக்கையில் கிடக்க நேர்ந்தது. படுக்கைப் புண்ணும் கால் நாளங்களில் குருதி உறைதலும் அதன் விளைவுகளாயின. பெரிதாக வெட்டித் திறந்து பொருத்தினால் குருதியிழப்பும் கிருமித்தொற்றும் அச்சுறுத்தின. 1990களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ரவுட் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் அவரது குழுவினரும், நோயாளியை மல்லாந்து படுக்க வைத்துச் சிறு துளையினூடே திருகாணி பொருத்தும் முறையை வளர்த்தெடுத்தனர்.

இதில் முதலில் காலை இழுத்தும் இடுப்பை அழுத்தியும் விலகிய என்புகள் நேராக்கப்படும். பின்னர் சுமார் ஒரு சென்ரிமீற்றர் நீளக் கீறலினூடே மெல்லிய கம்பியொன்று என்பினுள் செலுத்தப்படும். வளைந்த கையுடைய எக்ஸ் கதிர்க் கருவி தலைப்பக்கச் சாய்விலும் கால்பக்கச் சாய்விலும் பக்கவாட்டிலும் படம் காட்ட, வைத்தியர் கம்பியின் பாதையைச் சரிபார்ப்பார். பாதை சில மில்லிமீற்றர் விலகினாலும் அருகிலுள்ள நரம்பு பாதிக்கப்படலாம். பாதை சரியெனக் கண்டபின், நூலில் மணி கோர்ப்பது போல, நடுவே துளையுள்ள ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் தடிப்புள்ள திருகாணி அக்கம்பியின் மேலாகச் செலுத்தி முறுக்கப்படும். இறுதியில் கம்பி அகற்றப்படும்.

காயம் சிறிதென்பதால் குருதியிழப்பும் தொற்றும் குறைவு. நோயாளி விரைவில் எழுந்து, வைத்தியர் அனுமதிக்கும் அளவுக்கு ஊன்றுகோலுடன் நடை பழகலாம். எனினும் எல்லா முறிவுகளுக்கும் இம்முறை பொருந்தாது. வெளியிலிருந்து நேராக்க முடியாதவாறு என்பு விலகியிருந்தால் திறந்த சத்திரசிகிச்சையே தேவைப்படும்.

இடுப்பு முறிந்த பெண் இனித் தாயாக முடியாது என்ற அச்சம் பல குடும்பங்களில் உண்டு. அது தவறானது. சிகிச்சை பெற்றுக் குணமடைந்த பலர் கருவுற்று, இயற்கை முறையிலேயே பிரசவித்துள்ளனர். கர்ப்பகாலத் தொடக்கத்திலேயே பழைய முறிவையும் சிகிச்சையையும் பற்றி மகப்பேற்று நிபுணரிடம் கூறினால், பிரசவ முறையை அவர் தீர்மானிப்பார்.

ஆகவே இம்முறிவு ஒரு பெண்ணின் வாழ்வுக்கு முற்றுப்புள்ளி அல்ல. விபத்து நடந்த இடத்தில் நாம் காட்டும் நிதானமும் வைத்தியரின் நுட்பமும் சேர்ந்தால் அவள் மீண்டும் தன் காலில் நிற்பாள்.