க்ஷயரோகமும் குடும்பத்தின் ஆகாரமும்

சேரப்பணஞ்சேரியைச் சுற்றி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதிகளில் யந்திரசாலைகள் பெருகியபின், ஓர் அறையில் பலர் கூடித் தங்கும் வழக்கமும் பெருகிற்று. இருமல் கண்டவன் கூலி போய்விடுமென்று அஞ்சி அதை மறைக்கிறான். ஆகவே, இந்நோயைப் பற்றிச் சென்னைப் பட்டணம் கற்ற பாடத்தை நம்மவர் அறிதல் நலம்.

க்ஷயம் கிருமியால் உண்டாவதென்று 1882-ல் ஜெர்மானிய வைத்தியர் ராபர்ட் காக் காட்டினார். ஆயினும் அக்கிருமியைக் கொல்லும் மருந்து நெடுங்காலம் கிட்டவில்லை. நல்ல காற்று, ஓய்வு, புஷ்டியான ஆகாரம் இவையே சிகிச்சை. இதன்பொருட்டே டாக்டர் சௌரி முத்து 1928-ல் தாம்பரத்தில் வைத்தியசாலை ஸ்தாபித்தார். ஆனால் மாதக்கணக்கில் கூலியை விட்டுப் படுத்திருக்க ஏழையால் ஆகுமா?

1956-ல் சென்னையில் ஏற்பட்ட க்ஷயரோக மருந்துச் சிகிச்சை நிலையம் இதையே ஆராய்ந்தது. ஏழை நோயாளிகள் 193 பேரைச் சீட்டுப் போட்டாற்போல் இரு கூறாகப் பிரித்து, ஒரு சாராரை வைத்தியசாலையிலும் மறு சாராரை அவரவர் வீட்டிலும் வைத்து, இருவர்க்கும் ஐசோனியாசிட், பாஸ் என்னும் ஒரே மருந்துகளை ஓராண்டு அளித்தனர். வைத்தியசாலையிலிருந்தோர்க்கு உணவும் ஓய்வும் மேலானவை. மற்றவரோ நெருக்கமான வீடுகளில் குறைந்த உணவோடு இருந்தவர். 1959-ல் வெளியான முடிவின்படி இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். நோயாளியை வீட்டில் வைத்திருந்ததால் குடும்பத்தார்க்குத் தொற்று மிகவுமில்லை. மருந்து தொடங்கியபின் கிருமி பரவுதல் விரைந்து குறைகிறது.

இக்காலத்தில் சாதாரணமாக ஆறு மாத மருந்து போதும். இரண்டு மாதத்தில் உடம்பு தேறிற்றென்று நிறுத்துவோர் உளர். அவர்களுக்கு நோய் திரும்பவும், கிருமி மருந்துக்கு அடங்காமற்போகவும் இடமுண்டு.

ஆகாரம் வேண்டியதில்லையென்று இதனால் கொள்ளலாகாது. ஜார்க்கண்டில் 2019 முதல் நடந்த ஓர் ஆராய்ச்சியில், நோயாளியின் குடும்பத்தார் ஒவ்வொருவர்க்கும் மாதந்தோறும் அரிசியும் பருப்பும் வழங்கினர். அக்குடும்பங்களில் புதிதாய் க்ஷயம் காண்பது சுமார் 39 சதவீதம் குறைந்ததென 2023-ல் வெளியிட்டனர். நமது ரேஷன் கடைகளைப் பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துவதால் இச்செய்தி நமக்கு அயலானதன்று.

இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமலுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளியைப் பரிசோதிக்கக் கொடுக்கவேண்டும். பரிசோதனையும் மருந்தும் இலவசம். 2024 நவம்பர் முதல் நோயாளியின் ஆகாரத்துக்கென சர்க்கார் தரும் மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கிலேயே செலுத்தப்படுகிறது. வெளியூர்த் தொழிலாளி பலரிடம் கணக்குப் புத்தகம் சொந்த ஊரில் கிடக்கும். சங்கக் காரியதரிசிகள் தவணை தவறிய அங்கத்தினருக்கு நோட்டீஸ் விடுமுன், வீட்டில் இருமல் உண்டாவென ஒரு வார்த்தை விசாரிக்கலாம்.