மலையோடைக் கெளுத்தியை வீட்டுத் தொட்டியில் வளர்க்க

வேகமாக ஓடும் மலையோடைகளில் பாறையைப் பற்றி வாழும் சிறு கெளுத்தி மீன்கள் உண்டு. இவற்றின் நெஞ்சுப் பகுதியிலுள்ள தோல் மடிப்புகள் கல்லில் பிடித்துக் கொள்வதால் வெள்ளம் இவற்றை அடித்துச் செல்வதில்லை. கிளிப்டோதோராக்ஸ் எனப்படும் இவ்வகையில் ஒன்றை, பவானி ஆற்று மீனாக பிரான்சிஸ் டே 1873-ல் விவரித்தார்.

விரால், தேளி போன்றவை வெளிக்காற்றையும் சுவாசித்துச் சேற்றுக் குட்டையிலும் பிழைக்கும். மலையோடைக் கெளுத்திக்கு அந்த வசதி இல்லை. 15 டிகிரி செல்சியஸ் குளிர்ந்த நீர், லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் இது ஏழரை மில்லிகிராமாகக் குறையும். ஆகவே வெயில் படும் தேங்கிய தொட்டியில் இம்மீன் மூச்சுத் திணறி மடியும்.

தொட்டி: 3 அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஓரடி உயரம் போதும், சுமார் 100 லிட்டர் பிடிக்கும். அடியில் ஆற்று மணலும் வழவழப்பான கூழாங்கற்களும் இட்டு, ஒளிந்து கொள்ள இடம் விட வேண்டும். மேலே வலை மூடி அவசியம்.

நீரோட்டம்: மணிக்கு 1000 லிட்டர் இறைக்கும் பம்பை ஒரு முனையில் பொருத்தி, நீர் மேற்பரப்பைக் கலக்கும்படி விடவும். வெப்பம் 24 டிகிரியைத் தாண்டாமல் நிழலான இடத்தில் வைக்கவும். சமவெளியில் கோடையில் இது கடினம்.

பழக்குதல்: வடிகட்டியில் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்கு முன் மீன் விட்டால் அம்மோனியா சேர்ந்து கொல்லும். வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றவும். குழாய் நீரைத் திறந்த பாத்திரத்தில் ஒருநாள் வைத்து, குளோரின் போன பின் ஊற்றவும்.

உணவு: இது இரவில் இரை தேடும் மீன். விளக்கை அணைத்த பின் கொசுப்புழு, நறுக்கிய மண்புழு ஆகியவற்றைச் சிறிதளவு கொடுக்கவும். மிச்சத்தைக் காலையில் அகற்றவும்.

மின்சாரம் நின்றால் பம்பும் நிற்கும். பேட்டரி காற்று பம்பு ஒன்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும். இல்லையேல் தொட்டி நீரையே குவளையால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக் கொண்டிருக்கலாம்.

விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் ஓடையில் பிடித்தவையே. காப்புக்காட்டு ஓடையில் அனுமதியின்றி மீன் பிடிக்கக் கூடாது. மேற்கண்ட வசதிகளைச் செய்ய இயலாதவர்கள் இம்மீனை வாங்காதிருப்பதே நல்லது. மலைப்பகுதி விவசாயிகள் தெளிப்பானை ஓடையில் கழுவாமல் இருந்தால், தொட்டி இல்லாமலே இம்மீன் அங்கு வளரும்.