மலைமேல் வண்டிக் கொட்டகை: தரைக்கு எந்தப் பூச்சு?

கேமரன் மலையில் ரிங்லெட்டிலிருந்து கீ ஃபார்ம் வரை போனால் வழியெங்கும் பழைய லேண்ட் ரோவர்களைப் பார்க்கலாம். தேயிலைச் சரிவிலும் காய்கறித் தோட்டத்துச் செம்மண் பாதையிலும் பகலெல்லாம் உழைத்த வண்டி, மாலையில் சேற்றோடு கொட்டகைக்குத் திரும்புகிறது. இரவு முழுக்க டயரிலிருந்து சேறு வடிகிறது, எஞ்சினிலிருந்து எண்ணெய் சொட்டுகிறது. பூச்சு இல்லாத சிமெண்டுத் தரை இரண்டையும் குடித்துக்கொள்ளும். நாளடைவில் மேற்பரப்பு மாவாக உதிர, பெருக்கப் பெருக்கத் தூசி தீராது.

பூச்சு வேண்டும் என்று முடிவெடுத்ததும் பலரும் கடைக்குப் போய் வண்ண அட்டையைப் புரட்டத் தொடங்குகிறார்கள். கேமரன் மலையில் அது தலைகீழ் வரிசை. முதலில் தரையின் ஈரத்தைப் பாருங்கள். எதைப் பூசலாம் என்பதை அந்த ஈரம்தான் சொல்ல வேண்டும்.

மலைத் தரை ஏன் வேறு?

தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. இரவில் குளிர்கிறது, மாலையில் மூடுபனி இறங்குகிறது, காற்றில் ஈரம் குறைவதே அரிது. ஈப்போவில் உழைக்கும் பூச்சு இங்கே இறுகாமல் போகலாம்.

இன்னொரு காரணம் தரைக்கு அடியில் இருக்கிறது. இங்குள்ள கொட்டகைகள் பெரும்பாலும் சரிவை வெட்டிக் கட்டப்பட்டவை. மேட்டுப் பக்கத்து மண்ணில் இறங்கும் மழைநீர் பின்சுவரை ஒட்டித் தரைக்கு அடியில் தேங்குகிறது. பழைய தரைகள் பலவற்றில் சிமெண்டுக்குக் கீழே பிளாஸ்டிக் விரிப்பு போட்டிருக்க மாட்டார்கள். கீழிருந்து ஆவியாக ஏறும் அந்த ஈரம், மேலே காற்றுப் புகாத பூச்சு இருந்தால் கொப்புளம் கொப்புளமாக அதைத் தூக்கிவிடும்.

காசில்லாத இரண்டு சோதனைகள்

முதலாவது: அரை மீட்டர் சதுரத்தில் கனமான, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்து உரித்துப் பாருங்கள். தாளின் அடியில் நீர்த்துளியோ, தரையில் கருமையோ தெரிந்தால் ஈரம் ஏறுகிறது. பின்சுவர் ஓரம், நடு, வாசல் என மூன்று இடங்களில் செய்யுங்கள். மழைக்காலத்தில் செய்தால் உண்மை நிலை தெரியும். வெயில் நாளில் மட்டும் சோதித்து ஏமாற வேண்டாம்.

இரண்டாவது: வண்டி நிற்கும் இடத்தில் சில துளி நீர் விடுங்கள். உறிஞ்சிக்கொண்டால் நல்லது. முத்துபோல் உருண்டு நின்றால் சிமெண்டுக்குள் எண்ணெய் இருக்கிறது. அதன்மேல் எதைப் பூசினாலும் ஒட்டாது.

ஐந்து வழிகள்

*சிலிக்கேட் கடினமாக்கி.* இது சிமெண்டுக்குள் ஊடுருவி, அங்குள்ள சுண்ணாம்போடு வினைபுரிந்து தரையை இறுக்குகிறது. மேலே படலம் இல்லாததால் உரிவதற்கும் ஒன்றுமில்லை, கீழிருந்து வரும் ஆவியும் தடையின்றி வெளியேறும். தூசி நிற்கும். ஆனால் எண்ணெய்க் கறை பிடிக்கும், பளபளப்பு பெரிதாக வராது. ஈரத் தரைக்கு விலை குறைந்த, நேர்மையான தீர்வு இதுதான்.

*ஒரே டின்னில் வரும் அக்ரிலிக் தரைச் சாயம்.* மலிவு, யாரும் பூசலாம். ஆனால் தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறிவந்த வண்டியின் சூடான டயர் அதன்மேல் நின்றால் படலம் டயரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பொருள் அடுக்கும் அறைக்கு இது போதும். வண்டி நிற்கும் இடத்துக்கு வேண்டாம்.

*நீர் கலந்த எப்பாக்ஸி.* இரண்டு பாகங்களைக் கலந்து பூசுவது. வாடை குறைவு, ஓரளவு ஆவியை வெளியே விடும். திடப்பொருள் 50 விழுக்காடு என்றால், 100 மைக்ரான் பூசினாலும் காய்ந்தபின் 50 மைக்ரான்தான் மிஞ்சும். நீர் ஆவியாகிப் போனால்தான் இறுகும் என்பதால் மூடுபனி நாளில் இது கைவிட்டுவிடும்.

*கரைப்பான் இல்லாத எப்பாக்ஸி.* பூசிய கனம் அப்படியே நிற்கும். எண்ணெய், டீசல், சேறு எதையும் துடைத்துவிடலாம். உலர்ந்த தரைக்கு, விலைக்கும் உழைப்புக்கும் சரியான இணை இதுவே. பலவீனங்கள் மூன்று: அடியிலிருந்து ஈரம் ஏறினால் கொப்புளம், நேரடி வெயில் பட்டால் மஞ்சளாகும், குளிரும் ஈரமும் சேர்ந்தால் மேலே பிசுபிசுத்த வெண்படலம் படியும். அந்தப் படலத்தை வெதுவெதுப்பான சோப்புநீரால் கழுவி உலர்த்தாமல் அடுத்த பூச்சு பூசினால் இரண்டும் ஒட்டாது.

*பாலியஸ்பார்டிக்.* குளிரிலும் சில மணி நேரத்தில் இறுகும், வெயிலில் நிறம் மாறாது. விலை கூடுதல். காற்றில் ஈரம் அதிகமானால் இன்னும் வேகமாக இறுகுவதால், கைதேராதவர் ரோலரோடு நடுத்தரையில் திண்டாடுவார். பழகிய குத்தகையாளரிடம் விடுங்கள். எப்பாக்ஸியின்மேல் கடைசிப் பூச்சாகவும் இதைப் போடலாம். ஈரம் ஏறும் தரைக்கு இதுவும் மருந்தல்ல.

பட்டறையாக நடத்தும் பெரிய கொட்டகைக்கு பாலியூரிதேன் சிமெண்டு என்ற ஆறாவது வழி உண்டு. உணவுத் தொழிற்சாலைகளில் சில மில்லிமீட்டர் கனத்தில் போடுவது. ஈரத்தைப் பெரிதும் தாங்கும், செலவும் பெரிது.

பூசுவதற்கு முன்

புதுத் தரை என்றால் 28 நாள் பொறுங்கள். பழைய தரையின் எண்ணெயைச் சுடுநீரும் கிரீஸ் நீக்கும் சோப்பும் கொண்டு, நீர்த்துளி உறிஞ்சப்படும்வரை தேயுங்கள்.

பிறகு மேற்பரப்பைச் சொரசொரப்பாக்க வேண்டும். ஆசிட் ஊற்றுவது மலிவு என்பார்கள். ஆனால் ஆசிட்டைக் கழுவ ஊற்றும் நீர், ஏற்கெனவே ஈரமான தரைக்கு மேலும் ஈரம் சேர்க்கிறது. கழிவு கால்வாயில் இறங்கினால் அது பெர்த்தாம் ஆற்றுக்கும் அங்கிருந்து ரிங்லெட் ஏரிக்கும் போகும். தூசியுறிஞ்சி பொருத்திய வைர அரைப்பு இயந்திரத்தை வாடகைக்கு எடுங்கள். சிமெண்டுத் தூசி நுரையீரலுக்குக் கேடு. தூசி தடுக்கும் நல்ல முகக்கவசம் இல்லாமல் தொடங்காதீர்கள்.

பூசும் நாள்

மழை குறைவான சனவரி, பிப்ரவரி நல்ல மாதங்கள். தரையின் வெப்பம், பனித்துளி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பூச்சு வேலையின் அடிப்படை விதி. காற்று 22 டிகிரி, ஈரப்பதம் 75 விழுக்காடு என்றால் பனித்துளி சுமார் 17.4 டிகிரியில் படியும். தரை 20.4 டிகிரிக்கு மேல் இருந்தால் பூசலாம். காற்று 20 டிகிரி, ஈரப்பதம் 90 விழுக்காடு என்றால் அது 18.3 டிகிரி. அன்று தரை 21.3 டிகிரி இருக்காது, ரோலரைத் தொடாதீர்கள். ஈரப்பதமானியும் தரை வெப்பமானியும் ஒரு டின் சாயத்தைக் காப்பாற்றிவிடும்.

காலைப் பனி விலகியபின் தொடங்கி, நண்பகலைத் தாண்டாமல் முடியுங்கள். மாலை மூடுபனிக்குள் மேற்பரப்பு இறுகியிருக்க வேண்டும். குளிர் போக மண்ணெண்ணெய் அடுப்போ எரிவாயு அடுப்போ வைக்காதீர்கள். அவை வெளியிடும் கரியமில வாயுவும் நீராவியும்தான் எப்பாக்ஸியில் வெண்படலத்தை வளர்க்கும். மின் சூடேற்றி வையுங்கள்.

முந்தைய இரவே டின்களை வீட்டுக்குள் வையுங்கள், குளிர்ந்த எப்பாக்ஸி தேன்போல் கெட்டியாகிவிடும். இரண்டு பாகங்களையும் சொன்ன அளவில் முழுதாகக் கலந்து, உடனே தரையில் ஊற்றிப் பரப்புங்கள். வாளியிலேயே வைத்திருந்தால் சூடேறிக் கட்டிவிடும். கையுறை அவசியம். 3 மீட்டருக்கு 6 மீட்டர் கொட்டகை 18 சதுர மீட்டர். 0.3 மில்லிமீட்டர் கனத்துக்கு 5.4 லிட்டர் வேண்டும், வீணாவதற்கும் கொஞ்சம் சேர்த்து வாங்குங்கள். ஈரச் சேறு வழுக்கும் என்பதால், முதல் பூச்சு ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த மணலைத் தூவி, மறுநாள் உதிரியைப் பெருக்கிவிட்டு மேல்பூச்சு கொடுங்கள்.

டின்னில் எழுதிய காலம் பெரும்பாலும் 25 டிகிரிக்கானது. 10 டிகிரி குறைந்தால் இறுகும் காலம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஏழு நாள் என்று இருந்தால் இங்கே இரண்டு வாரம் வண்டியை வெளியே நிறுத்துங்கள்.

முடிவு

பிளாஸ்டிக் தாளின் அடியில் நீர் தெரிந்தால், பூச்சுக்கு வைத்த பணத்தில் முதலில் மேட்டுப் பக்கம் ஒரு வடிகால் வெட்டுங்கள். ஒரு மழைக்காலம் கழித்து மறுபடி சோதியுங்கள். இன்னும் ஈரமென்றால் சிலிக்கேட்டோடு நிறைவடையுங்கள். தரை உலர்ந்திருந்தால் கரைப்பான் இல்லாத எப்பாக்ஸியே என் தேர்வு. வாசலில் வெயில் விழுந்தால் மேலே பாலியஸ்பார்டிக். நிறம் வெளிர் சாம்பலாக இருக்கட்டும். காலையில் அதன்மேல் புதிதாக ஒரு கரும்பொட்டு தெரிந்தால், எஞ்சினின் எந்தப் பக்கம் கசிகிறது என்று சரிவில் இறங்கும் முன்பே தெரிந்துவிடும்.