மாலைக்கண்ணும் கீரைப் பாத்தியும்

கறவை மாட்டிற்குப் பசுந்தழை இல்லாத நாள் இராதபடி குடியானவர் பார்த்துக்கொள்ளுகிறார். அதே வீட்டுக் குழந்தையின் சோற்றில் கீரை சேராத நாட்களோ பல. கொடிக்காலில் ஒடித்த அகத்தித் தழை முழுவதும் தொழுவத்திற்கே போய்விடுகிறது. இதனால் விளையக்கூடிய கேடுகளுள் கொடியது கண்பார்வையைப் பற்றியதாகும்.

நோயின் குறி:- அந்தி மயங்கியபின் குழந்தை தட்டித் தடுமாறி நடக்குமாயின் மாலைக்கண் என்று ஐயுறல் வேண்டும். மங்கிய வெளிச்சத்தில் பார்ப்பதற்கு இன்றியமையாத 'ஏ' வைட்டமின் குறைவதே இதன் காரணம். குறை நீடித்தால் வெண்விழி வறண்டு, கருவிழி இளகிப் புண்பட்டு, பார்வை அடியோடு போய்விடும். ஆகையால் முதற்குறி கண்டவுடன் குழந்தையை வைத்தியசாலைக்குக் கொண்டுபோதல் வேண்டும். கீரை நோய் வராமற் காக்குமேயன்றி, வந்த நோய்க்கு வைத்தியமாகாது. இக்குறையை நீக்கும்பொருட்டே இந்திய அரசாங்கத்தார் 1970-ல் சிறு குழந்தைகளுக்கு இவ்வைட்டமினை மருந்தாகக் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கினர்.

கீரையின் சத்து:- கரும்பச்சைக் கீரைகளிலுள்ள கரோட்டின் என்னும் பொருளை உடல் 'ஏ' வைட்டமினாக மாற்றிக்கொள்ளுகிறது. முருங்கை, அகத்தி, முளைக்கீரை ஆகியவை இதிற் சிறந்தவை. முட்டைக்கோசின் வெளிறிய உள்ளிலைகள் இவற்றிற்கு ஈடாகா. மேலும், 100 கிராம் முருங்கைக் கீரையில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே எடையுள்ள பசும்பாலில் இருப்பது சுமார் 120 மில்லிகிராமே.

சமைக்கும் முறை:- கரோட்டின் கொழுப்பிற் கரைவது. ஆதலால் எண்ணெயோ நெய்யோ தேங்காயோ சேர்த்தே கீரையைச் சமைத்தல் வேண்டும். நறுக்குமுன் கழுவுக. நறுக்கியபின் கழுவினால் நீரிற் கரையும் சத்துக்கள் வீணாகும். பாத்திரத்தை மூடிச் சிறிதளவு நீரில் வேகவைக்க வேண்டும். வெந்த நீரைக் கொட்டலாகாது. எலுமிச்சை அல்லது நெல்லிக்காய் உடன் உண்டால் கீரையின் இரும்புச் சத்து உடலில் நன்கு சேரும்.

பயிரிடும் முறை:- கிணற்றடியில் மூன்று சிறு பாத்திகள் போதும். முளைக்கீரை விதை மிக நுண்ணியதாதலால் மணலுடன் கலந்து தூவி, மேலாக மண் மூடி, பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். சுமார் 25 நாட்களிற் பறிக்கலாம். பத்து நாள் இடைவிட்டுப் பாத்திக்குப் பாத்தி விதைத்தால் கீரை தொடர்ந்து கிடைக்கும். வேலியோரத்தில் 3 முதல் 4 அடி நீளமுள்ள முருங்கைப் போத்துகளை நடலாம். பூச்சி மருந்து தெளித்த வயல் வரப்பிலுள்ள கீரையைப் பறிக்கலாகாது.

கிராம அதிகாரிகளும் பஞ்சாயத்தாரும் பள்ளிக்கூட வேலிகளில் முருங்கை நடுவித்தால், நிலமற்ற வீட்டுக் குழந்தைகளுக்கும் கீரை கிட்டும். இதற்கு ஆகும் செலவு சொற்பம். கெட்ட பார்வையையோ எச்செலவு செய்தும் மீட்பது அரிது.