தவளைக்கு வயலில் என்ன வேலை?

மழை பெய்த ராத்திரியில் வயல் பக்கம் சத்தம் கேட்டிருக்கிறீர்களா? தவளைதான்! அதற்கு அங்கே என்ன வேலை?

நெற்பயிர் யாரிடமும் சாப்பாடு கேட்காது. வெயில், தண்ணீர், காற்று இவற்றை வைத்துத் தன் ஆகாரத்தைத் தானே செய்துகொள்ளும். அந்தப் பயிரை வெட்டுக்கிளி கடிக்கும். வெட்டுக்கிளியைத் தவளை நாக்கை நீட்டி லபக்கென்று பிடிக்கும். தவளையைச் சாரைப்பாம்பு விழுங்கும். பாம்பைக் கழுகு தூக்கும். இதற்குத்தான் உணவுச் சங்கிலி என்று பேர். சரி, கழுகு செத்தால்? புழுக்களும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளும் அதை மக்க வைக்கும். மண்ணுக்கு உரம்! பயிர் மறுபடியும் அதை உறிஞ்சும்.

சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும்? நம்ம தேசத்திலேயே நடந்தது, கேளுங்க. வெளிநாட்டில் தவளைக்கால் என்றால் சிலருக்கு ரொம்ப ருசி. (நமக்கு நினைத்தாலே ஒரு மாதிரி இருக்குதில்லையா!) அதற்காக இங்கே வயல் தவளைகளைச் சாக்கு சாக்காகப் பிடித்து, காலை வெட்டி, கப்பலில் ஏற்றினார்கள். தவளை குறைந்தால் பூச்சியை யார் தின்பது? பயிருக்கல்லவா கஷ்டம்! கடைசியில் 1987-ல் அரசாங்கம் தவளைக்கால் ஏற்றுமதிக்குத் தடை போட்டது.

அடுத்த மழைக்கு அப்பாவோடு டார்ச் லைட் எடுத்துப் போய்ப் பாருங்க. பெரிய ஆண் தவளை அப்போது மஞ்சளாக மாறியிருக்கும். கத்தும்போது தொண்டையில் இரண்டு பக்கமும் நீலப் பை பலூன் மாதிரி ஊதும். கல் மட்டும் எறியாதீங்க!